தடை உத்தரவை யார் படிக்கலாம்? செயலித் தடைகளும் ஒரு மலை மாவட்டமும்

ஒரே செயலி இந்தியாவில் பதினைந்து மாத இடைவெளிக்குள் இரண்டு முறை தடைக்கு உள்ளானது. முதல் தடையை 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்தது. இரண்டாவது தடை 2020 ஜூன் 29 அன்று டெல்லியில், மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திலிருந்து வந்தது. இரண்டு முறையும் அது டிக்டாக். முதல் தடை மூன்று வாரத்தில் விலகியது. இரண்டாவது தடை இன்னும் நடப்பில் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் செயலியோ அதைப் பயன்படுத்திய மக்களோ பெரிதாக மாறிவிடவில்லை. தடை எந்த வாசல் வழியாக வந்தது, அதன் காரணங்களை யாரால் படிக்க முடிந்தது, யாரால் மறுத்து வாதாட முடிந்தது என்பவைதான் மாறின. ஒரு செயலி நல்லதா கெட்டதா என்ற விவாதம் நம்மிடையே தேவைக்கு மேலேயே நடந்துவிட்டது. தடை உத்தரவு என்ற காகிதத்தைப் பற்றிய விவாதம் அந்த அளவுக்கு நடக்கவில்லை என்பதால், இக்கட்டுரை அதையே எடுத்துக்கொள்கிறது.

நீலகிரியிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேரளத்தையும் கர்நாடகத்தையும் ஒட்டிய மாவட்டம் இது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்கள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பகுதிகளில் டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்களை நம்பிக் குடியேறினார்கள். அவர்களின் உடன்பிறந்தவர்கள் பலர் இலங்கையிலேயே நின்றுவிட்டார்கள். கூடலூர், பந்தலூர் வட்டங்களில் பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. தோட்டங்களில் கொழுந்து பறிக்க இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே கொழும்பிலோ துபாயிலோ ராஞ்சியிலோ போடப்படும் ஒரு தடை, இங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டின் போனில் உடனே தெரிந்துவிடுகிறது. உள்ளூர் வாழ்க்கையும் இதே செயலிகளின் மேல்தான் ஓடுகிறது. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி என்ன விலை போடுகிறது என்பதைச் சிறு விவசாயி வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிறார். கேரட், பீட்ரூட் பயிரிட்டவர் மேட்டுப்பாளையம் மண்டி விலையைப் போனில் கேட்ட பிறகே அறுவடைக்கு ஆள் சொல்கிறார். கூடலூர்ப் பக்கம் யானை எந்தச் சாலையோரம் நிற்கிறது என்ற செய்தி விடியற்காலையில் வருவதும் அதே வழியில்தான்.

மதுரையில் நடந்ததை முதலில் பார்க்கலாம். வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் என்.கிருபாகரன், எஸ்.எஸ்.சுந்தர் அமர்வு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆபாசக் காட்சிகள் பரவுகின்றன, குழந்தைகள் முன்பின் அறியாதவர்களின் பார்வைக்கு ஆளாகிறார்கள் என்பன அதில் சொல்லப்பட்ட காரணங்கள். செயலியைப் பதிவிறக்குவதைத் தடுக்க மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. அதில் வரும் காணொளிகளைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பக் கூடாது என்றும் கூறப்பட்டது. ஏப்ரல் நடுவில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து செயலியை எடுத்துவிட்டன. நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. ஏப்ரல் 24-க்குள் உயர் நீதிமன்றம் முடிவெடுக்காவிட்டால் இடைக்காலத் தடை தானாகவே நீங்கிவிடும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மதுரைக் கிளை மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதாரை நீதிமன்றத்துக்கு உதவ நியமித்து, நிறுவனத்தின் விளக்கத்தையும் கேட்டு, அதே 24-ஆம் தேதி தடையை விலக்கிக்கொண்டது.

அந்தத் தடை சரியானது என்று நான் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பயன்படுத்தும் ஒரு மேடையை மறுதரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவால் நிறுத்துவது மிகையான நடவடிக்கை என்றே கருதுகிறேன். ஆனால் அதன் காரணங்கள் காகிதத்தில் இருந்தன, நாளிதழில் வந்தன, தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவரும் "இதற்காகத்தான் நிறுத்தினார்களாம்" என்று சொல்ல முடிந்தது. மறுக்கவும் முடிந்தது.

2020-இல் நடந்தது வேறு. ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். இரண்டு வாரம் கழித்து, சீனத் தொடர்புடைய 59 செயலிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் கீழ் முடக்கப்பட்டதாக ஒரு செய்திக் குறிப்பு வெளியானது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றுக்கு அவை பாதகமானவை என்றும், பயனாளர்களின் தரவுகள் வெளிநாட்டுச் சர்வர்களுக்குச் செல்வதாகப் புகார்கள் வந்துள்ளன என்றும் அது கூறியது. செப்டம்பரில் பப்ஜி உட்பட 118, நவம்பரில் 43 எனப் பட்டியல் நீண்டது. எந்தச் செயலி எந்தத் தரவை எப்படி எடுத்தது என்பதைத் தனித்தனியாகச் சொல்லும் உத்தரவு எதுவும் மக்கள் பார்வைக்கு வரவில்லை. எல்லைப் பதற்றத்தின் நடுவே அரசு விரைந்து செயல்பட்டதில் குறை காண்பதற்கில்லை. ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தக் காகிதம் வெளியே வராததுதான் குறை.

அந்த 59-இல் டிக்டாக்கின் பெயர் மட்டுமே நினைவில் நிற்கிறது. ஷேர்இட், ஜெண்டர், கேம்ஸ்கேனர், யூசி பிரவுசர், ஹெலோ ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருந்தன. டவர் சரியாகக் கிடைக்காத தோட்டப் பகுதிகளில் ஷேர்இட் என்ன வேலை செய்தது என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். நெட் தேவையில்லை, இரண்டு போன்களைப் பக்கத்தில் வைத்தால் படம், பாட்டு, பாடக் குறிப்பு எல்லாம் மாறிவிடும். பள்ளிகள் மூடிக் கிடந்த அந்த ஜூலை மாதம் 16-ஆம் தேதி பிளஸ் டூ முடிவுகள் வந்தன. கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ்களை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஊரடங்கில் பேருந்து இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போக வழியில்லை. போனிலேயே சான்றிதழைப் படம் பிடித்து ஓரங்களை நேராக்கி பி.டி.எஃப். ஆக மாற்றித்தந்த கேம்ஸ்கேனர், சரியாக அந்த நேரத்தில் ப்ளே ஸ்டோரில் இல்லாமல் போனது. மாற்றுச் செயலிகள் இருந்தன என்பது உண்மை. அவற்றின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அரைகுறை சிக்னலில் இறக்கி, பழகிக்கொள்ளும் சிரமம் யார் தலையில் விழுந்தது என்பதும் உண்மை. கோயம்புத்தூரில் வைஃபை உள்ள வீட்டுக்கும் தேவாலாவில் மேட்டில் ஏறி நின்று சிக்னல் பிடிக்கும் வீட்டுக்கும் ஒரே தடை ஒரே எடையில் வந்து சேர்வதில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 69-ஏ பிரிவு 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இறையாண்மை, நாட்டுப் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களுக்குத் தூண்டுதலைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காக மட்டுமே மத்திய அரசு இணையத் தகவலை முடக்கலாம். காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உத்தரவை மீறும் இணைய நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2009-ஆம் ஆண்டு விதிகள் இதற்கான நடைமுறையை வகுக்கின்றன. ஒரு குழு கோரிக்கையை ஆராய வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு அனுப்பிப் பதில் கேட்க வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு, 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைக்கலாம்.

இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்வி 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்டது. முகநூல் பதிவுகளுக்காக மக்களைக் கைது செய்யப் பயன்பட்ட 66-ஏ பிரிவை ரத்து செய்த அதே தீர்ப்பு, 69-ஏ பிரிவைச் செல்லும் என்றது. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும்: உத்தரவின் காரணங்கள் எழுத்தில் பதிவாவதால், பாதிக்கப்பட்டவர் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியும். ஆனால் 2009 விதிகளின் 16-ஆவது விதி, கோரிக்கைகளும் அவற்றின் மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளும் கண்டிப்பாக இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போகலாம் என்று ஒரு கை வழிகாட்ட, எதை எதிர்த்துப் போவது என்பதை இன்னொரு கை மூடிவைக்கிறது. இந்த விதிக்கு எதிரான மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இதைவிட வியப்பான முரண் ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தின் இணையத்தையே மொத்தமாக நிறுத்துவதற்கு வேறு சட்டம், வேறு விதிகள். தூத்துக்குடியில் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்ததைத் தொடர்ந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது அப்படித்தான். அந்த வகை முடக்கத்தைப் பற்றி, காஷ்மீரை முன்வைத்து நடந்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: உத்தரவு வெளியிடப்பட வேண்டும், கால வரையறையற்ற முடக்கம் கூடாது, நடவடிக்கை தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். பின்னர் வந்த விதிகள் ஓர் உத்தரவின் ஆயுளைப் பதினைந்து நாட்களாகக் குறுக்கின. ஆக, எல்லாச் செயலிகளையும் சேர்த்து நிறுத்தினால் உத்தரவை மக்களுக்குக் காட்ட வேண்டும், கால வரம்பு சொல்ல வேண்டும். ஒரே ஒரு செயலியை நிறுத்தினால் இரண்டும் வேண்டியதில்லை. பெரிய கதவுக்கு இருக்கும் பூட்டும் சாவியும் சின்னக் கதவுக்கு இல்லை.

முடக்கும் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அதன் தன்மையில்தான் பாதிப்பின் அளவு இருக்கிறது. ப்ளே ஸ்டோரிலிருந்து செயலியை எடுத்துவிடுவது ஒரு வழி. 2019-இல் நடந்தது இது, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அந்தச் செயலியின் சர்வர் முகவரிகளுக்குப் போகும் போக்குவரத்தை வெட்டுவது இரண்டாவது வழி. நிறுவனமே இந்தியாவுக்கான சேவையை நிறுத்திவிடுவது மூன்றாவது; 2020-இல் டிக்டாக் அப்படித்தான் ஒரே இரவில் வெறும் அறிவிப்புப் பலகையாக மாறியது. இரண்டாவது வழி முரட்டுத்தனமானது. 2018 ஏப்ரலில் ரஷ்யா டெலிகிராமை முடக்க முயன்றபோது, அது அமேசான், கூகுள் நிறுவனங்களின் சர்வர்களுக்கு மாறிக்கொண்டே இருந்ததால், லட்சக்கணக்கான முகவரிகள் சேர்த்து வெட்டப்பட்டு, சம்பந்தமே இல்லாத சேவைகள் நின்றன. டெலிகிராம் நிற்கவில்லை. 2020 ஜூனில் ரஷ்யா அந்தத் தடையைக் கைவிட்டது. தடையைச் சுற்றிக்கொண்டு போக உதவும் வி.பி.என். இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நல்ல போனும் நல்ல நெட்டும் ஓரளவு ஆங்கிலமும் உள்ளவருக்கு அது வழி. மற்றவருக்குத் தடை தடைதான்.

இலங்கையின் அனுபவம் நம் மலைக்கு மிக நெருக்கமானது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்கள் மீது வன்முறை நடந்தபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை அந்நாட்டு அரசு முடக்கியது. 2019 ஏப்ரல் 21 அன்று ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மீண்டும் முடக்கியது. ஒன்பது நாள் கழித்தே விலக்கியது. கோத்தகிரிப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தங்கை இலங்கையின் பதுளையில் இருக்கிறார். அந்த ஞாயிறு மதியம் டி.வி.யில் கொழும்புச் செய்தி வந்ததும் "தங்கச்சி, எங்க இருக்க, பிள்ளைங்க எங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். ஒற்றை டிக் விழுந்தது. அடுத்தடுத்து அனுப்பியவற்றுக்கும் ஒற்றை டிக்தான். தங்கையின் போன் அணைந்திருக்கிறதா, ஆளுக்கே ஏதேனும் ஆகிவிட்டதா, நெட் போய்விட்டதா என்பதை அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. அரசு முடக்கியிருக்கிறது என்ற செய்தி அவருக்கு எட்டவில்லை. எட்டியபோது, வெளிநாட்டு அழைப்புக்குத் தனியாக ரீசார்ஜ் செய்யக் கடை திறந்திருக்க வேண்டியிருந்தது. வதந்தி பரவாமல் தடுப்பதே அந்த முடக்கத்தின் நோக்கம். பதுளையில் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்ற வதந்தி அன்று மாலை அந்த லயனில் வாய்மொழியாகவே பரவியது.

2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களின் நடுவே, இலங்கை மீண்டும் சமூக ஊடகங்களை முடக்கியது. அது ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்சவே, வி.பி.என். இருக்கும்போது இத்தகைய தடைகள் பயனற்றவை என்று ட்விட்டரில் எழுதினார். 2025 செப்டம்பர் 4 அன்று நேபாளம், பதிவு செய்துகொள்ளவில்லை என்ற காரணத்துக்காக 26 தளங்களை முடக்கியது. ஊழலின் மேல் ஏற்கெனவே இருந்த கோபத்தோடு, வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளோடு பேசும் வழியை அடைத்த கோபமும் சேர்ந்தது. செப்டம்பர் 8 அன்று காத்மாண்டுவில் இளைஞர்கள் திரண்டபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில், அந்த ஒரு நாளில் மட்டும் 19 பேர் இறந்தனர். அன்றிரவே தடை விலக்கப்பட்டது. மறுநாள் பிரதமர் கே.பி.சர்மா ஒலி பதவி விலகினார்.

வளைகுடாவின் கதை ஓசையில்லாதது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது; உரிமம் பெற்ற போட்டிம் போன்ற செயலிகளில் பேசலாம். அங்கிருந்து வீட்டுக்குப் பேசுபவர்களிடையே ஐஎம்ஓ செயலி நீண்ட காலம் புழங்கியது. 2023 மே மாதம், ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்ற காரணத்தால் 14 தகவல் செயலிகளை மத்திய அரசு முடக்கியதாகச் செய்தி வந்தபோது, அவற்றில் ஐஎம்ஓவும் இருந்தது. பாதுகாப்புத் துறையின் அச்சம் நியாயமானதாகவே இருக்கலாம். பந்தலூரில் மகனோடு பேசிக்கொண்டிருந்த தாய்க்கு அதைச் சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. இவர்களோடு ஒப்பிட்டால் ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்குச் சற்று நல்ல காலம்: 2024 செப்டம்பரில் ஓர் ஆள்சேர்ப்புத் தேர்வுக்காக அம்மாநிலம் இணையத்தை நிறுத்தியபோது, உயர் நீதிமன்றம் உடனே தலையிட்டு, இனித் தன் அனுமதியின்றி தேர்வுக்காக நிறுத்தக் கூடாது என்றது. அங்கே எதிர்ப்பதற்கு ஓர் உத்தரவு கையில் இருந்தது.

சமூக ஊடகத்தால் தீங்கே இல்லை என்று யாரும் வாதிட முடியாது. 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. வடமாநிலத்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வேறு இடங்களிலும் தாக்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பைத் தடை செய்திருந்தால் என்ன என்ற கேள்வி எழுந்தது இயல்பு. நடந்தது வேறு: ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி, 2018 ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பு கொண்டுவந்தது, பலமுறை கைமாறிய செய்தியை ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. வதந்தி ஒழிந்துவிடவில்லை. ஆனால் யானை வந்த செய்தியையும் மண்டி விலையையும் வெட்டாமல், தீங்கு பரவும் வேகத்தை மட்டும் குறைக்க முடியும் என்பதற்கு அது சான்று. தடைக்கு முன்னால் இத்தகைய வழிகள் முயலப்பட்டனவா என்பதை உத்தரவில் எழுதவைப்பதுதான் பாசின் தீர்ப்பு கேட்ட அளவுப் பொருத்தத்தின் நடைமுறைப் பொருள்.

இப்போது பேச்சு குழந்தைகள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆஸ்திரேலியா 2024 நவம்பர் இறுதியில் நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், யூடியூப், டிக்டாக் முதலிய தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. வாட்ஸ்அப்புக்கு அது பொருந்தாது. தவறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். குழந்தைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் சுதந்திரமான மறுஆய்வு நடக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. ஒரே வாரத்தில் நிறைவேற்றிய அவசரத்துக்காக அது விமர்சிக்கப்பட்டது, நியாயமாகவே. ஆனாலும் அதன் ஒவ்வொரு வரியையும் யாரும் எடுத்துப் படிக்கலாம். இதுபோன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று மதுரைக் கிளையும் 2025 டிசம்பரில் கருத்துத் தெரிவித்தது.

அப்படி ஒரு சட்டம் இங்கு வருமானால், ஆஸ்திரேலியாவில் எழாத கேள்வி ஒன்றை நம் தோட்டங்களில் கேட்க வேண்டியிருக்கும். லயன் வீட்டில் பெரும்பாலும் ஒரே போன்தான். அது அப்பாவின் பெயரில் உள்ள கணக்கு. காலையில் அதில் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் செய்தி வருகிறது. மாலையில் எட்டாம் வகுப்பு மகள் அதே போனில் ஆசிரியர் அனுப்பிய காணொளியைப் பார்க்கிறாள். இரவில் அம்மா இலங்கையின் ஹட்டனில் உள்ள அக்காவோடு பேசுகிறார். யாருடைய வயதை நிறுவனம் சரிபார்க்கும்? 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பகிர்ந்துகொள்ளும் போனில் அந்த ஒப்புதல் பெயரளவுக்கே நிற்கும். அச்சட்டத்தின் விதிகளை வரைவாக வெளியிட்டு 2025-இன் தொடக்கத்தில் மத்திய அரசு கருத்துக் கேட்டது. வயது வரம்புச் சட்டத்துக்கும் அதே வழி பின்பற்றப்பட்டு, வரைவு தமிழிலும் வெளியிடப்படுமானால், அந்த ஒற்றைப் போனின் சொந்தக்காரர் தன் கேள்வியைச் சட்டம் வருவதற்கு முன்பே எழுதி அனுப்ப முடியும்.